கடல் மீன் தொட்டி: முதலில் தண்ணீரை வளர்க்க வேண்டும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன் போன் செய்தான். "சித்தப்பா, வீட்ல கடல் மீன் தொட்டி வைக்கப்போறேன். மூணு அடி. இங்கேருந்து திருவான்மியூர் பீச் பத்து நிமிஷம்தான், தண்ணியை கேன்ல பிடிச்சுட்டு வந்துடலாம். என்ன மீன் வாங்கலாம்னு மட்டும் சொல்லுங்க."

"மீன் வாங்க இன்னும் ரெண்டு மாசம் இருக்குடா" என்றேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. அவன் வயதில் எனக்கும் பிடித்திருக்காது. நான் முதன்முதலில் வைத்த தொட்டியில் வெள்ளிக்கிழமை தண்ணீர் நிரப்பினேன், சனிக்கிழமை நான்கு மீன்கள் விட்டேன், அடுத்த சனிக்கிழமைக்குள் நான்கும் போய்விட்டன. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. மீன்களின் உடம்பில் ஒரு புள்ளியோ புண்ணோ கிடையாது. என்ன நடந்தது என்று புரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது. அவனிடம் தவணை முறையில் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

கப்பி, மோலி என்று நன்னீர்த் தொட்டி வைத்துப் பழகியவர்கள்தான் பெரும்பாலும் இதற்கு வருகிறார்கள். அந்த அனுபவம் உதவும். ஆனால் "அதே தொட்டிதான், கொஞ்சம் உப்பு சேர்த்தால் சரி" என்ற எண்ணத்தை மட்டும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும்.

ஊறுகாய் ஜாடியில் மாங்காய்

நன்னீர் மீனின் உடம்புக்குள் இருக்கும் உப்பு, சுற்றியுள்ள தண்ணீரில் இருப்பதைவிட அதிகம். அதனால் தண்ணீர் தானாகவே உள்ளே புகுந்துகொண்டிருக்கும். மீன் அதைச் சிறுநீராக வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். கடல் மீனுக்கு நிலைமை தலைகீழ். அதன் இரத்தத்தில் உள்ள உப்பு, கடல் நீரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். உப்புப் போட்டுக் குலுக்கி வைத்த மாங்காய்த் துண்டு தண்ணீர் விட்டுச் சுருங்குகிறதே, அதுபோல அதன் உடம்பிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கிறது. இழந்ததை ஈடுகட்ட அது கடல் நீரைக் குடிக்கிறது. கூடவே வரும் உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றுகிறது. கடல் மீன் தண்ணீர் குடிக்கும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை, ஆனால் அது நிஜம்.

இப்படி ராத்திரி பகல் ஓடும் ஓர் இயந்திரம், வெளியே உப்பின் அளவு ஓரளவு ஒரே மாதிரி இருக்கும் என்ற நம்பிக்கையில் அமைந்தது. பவளத்திட்டுப் பக்கம் வாழும் மீனுக்கு அந்த நம்பிக்கை பொய்த்ததே இல்லை. கடல் அவ்வளவு பெரியது. ஒரு மழை, ஒரு வெயில் அதை அசைக்காது. உங்கள் ஹாலில் இருக்கும் தொட்டியை எல்லாமே அசைக்கும். இந்தப் பொழுதுபோக்கில் வரும் தொல்லைகளில் பாதிக்குமேல் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து முளைப்பவை.

அதனால்தான் சின்னத் தொட்டி சுலபம் என்பது இங்கே பொய்க் கணக்கு. 36 அங்குல நீளம், 18 அகலம், 18 உயரம் என்று ஒரு தொட்டி செய்தால் 190 லிட்டர் பிடிக்கும். கல் வைத்து, விளிம்பு வரை நிரப்பாமல் விட்டால் உண்மையில் 160 லிட்டர் தண்ணீர் நிற்கும். தொடங்குகிறவருக்கு இது நல்ல அளவு. 30 லிட்டர் தொட்டியில் ஒரு மீன் செத்து அழுகினாலே எல்லாம் கெட்டுவிடும். பெரிய தொட்டி உங்கள் தவறை மன்னிக்க நேரம் தரும். எடையை மறக்காதீர்கள்: தண்ணீர், கண்ணாடி, கல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்து கால் டன்னைத் தாண்டும். மாடி வீடு என்றால் ஹால் நடுவில் வேண்டாம், பீம் போகும் சுவரை ஒட்டி வையுங்கள்.

கல் உப்பைக் கரைத்தால் கடல் ஆகாது

கடல் நீரில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. கவனியுங்கள், உப்புகள். அதில் சமையல் உப்பு முக்கால் பங்குக்கு மேல் வரும். மீதியில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் என்று பல உண்டு. "தூத்துக்குடிக் கல் உப்பும் கடலிலிருந்துதானே வந்தது, அதையே திரும்பக் கரைத்தால்?" என்று அண்ணன் மகன் கேட்டான். நல்ல கேள்வி. உப்பளத்தில் கடல் நீர் சுண்டும்போது எல்லாம் ஒன்றாக உறைவதில்லை. சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் முன்னாலேயே படிந்து பிரிந்துவிடும். பிறகுதான் உப்பு பூக்கும். மெக்னீசியமும் பொட்டாசியமும் மிஞ்சிய கசப்பு நீரிலேயே நின்றுவிடும், அதை வடித்துவிடுவார்கள். உப்பளக்காரரின் திறமையே உப்பை மட்டும் தனியே பிரிப்பதில்தான் இருக்கிறது. அவர் கவனமாகப் பிரித்த உப்பை வாங்கிக் கரைத்தால் அது மறுபடி கடல் நீராகாது. ஆகவே மீன் தொட்டிக்கென்று எல்லாச் சத்தும் கலந்து விற்கும் கடல் உப்புக் கலவையைத்தான் வாங்க வேண்டும். 160 லிட்டருக்கு முதல் தடவை 5.6 கிலோ ஆகும்.

அப்படியானால் நேராகக் கடல் நீர்? முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் கரையோரத்தில் கேனை முக்கி எடுக்கும் தண்ணீரில் மணல், சாக்கடை, படகு எண்ணெய் எல்லாம் இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னைக் கடலோர நீரின் உப்பே கணிசமாகக் குறைந்துவிடும். வங்காள விரிகுடாவில் வந்து விழும் ஆறுகள் அப்படி. படகில் உள்ளே போய் எடுத்துவந்து, வடிகட்டி, மூடி இருட்டில் சில வாரம் வைத்திருந்து பயன்படுத்துகிறவர்கள் உண்டு. முதல் தொட்டிக்கு அந்த வேலை வேண்டாம். மாதம் எப்படி இருந்தாலும் ஒரே மாதிரித் தண்ணீர் கிடைப்பது உப்புக் கலவையில்தான்.

கலக்குவதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். ஆர்ஓ தண்ணீர் சரி, ஆனால் வீட்டு ஆர்ஓ மெஷின்கள் சிலவற்றில் ருசிக்காகக் கனிமத்தைத் திரும்பச் சேர்ப்பார்கள். கரைந்திருக்கும் கனிமத்தை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பாருங்கள், பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீரை விட்டு, ஒரு சின்ன மோட்டார் ஓடவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஒரு நாள் சுழலவிட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், கால்சியம் வெள்ளையாகத் திரிந்து படியும்.

உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், ஒளி வளைவதை வைத்து உப்பின் அளவைக் காட்டும் கருவி அது. ஆயிரத்தில் 35 பங்கு, அல்லது ஒப்படர்த்தி (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட கனம்) 1.025, 1.026 என்று காட்ட வேண்டும். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் மலிவு, அதற்கேற்ற நம்பகம். ரிஃப்ராக்டோமீட்டரையும் அவ்வப்போது 35க்கென்று விற்கும் அளவுக் கரைசலை விட்டுச் சரிபார்க்க வேண்டும்.

குழம்பு சுண்டினால்

தொட்டி வைத்த நான்காம் நாள் தண்ணீர் மட்டம் ஓர் அங்குலம் இறங்கியிருக்கும். கலந்து வைத்த உப்புத் தண்ணீரை எடுத்து ஊற்றத் தோன்றும். ஊற்றாதீர்கள். ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பு தொட்டியிலேயே நிற்கிறது. குழம்பு சுண்டி உப்புக் கரித்தால் நாம் வெந்நீர்தான் விடுகிறோம், மறுபடி உப்புப் போடுவதில்லை அல்லவா? அதேதான். 160 லிட்டரில் 10 லிட்டர் ஆவியானால் 35 என்பது 37ஐத் தாண்டிவிடும். ஃபேன் ஓடும் வீட்டில் இதற்கு நான்கைந்து நாள் போதும். கண்ணாடியில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்து, தினமும் காலையில் கோடு வரை உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர் விடுங்கள். பல் தேய்ப்பது மாதிரி ஒரு வேலையாக ஆக்கிக்கொண்டால் சரி. ஊருக்குப் போகிறவர்களுக்கு மிதவை வைத்துத் தானே நிரப்பும் கருவி இருக்கிறது.

வெயிலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஹீட்டர் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சென்னையில் நம் கவலை சூடு. தொட்டித் தண்ணீர் 25 முதல் 27 டிகிரி வரை இருந்தால் நிம்மதி, 30ஐத் தாண்டினால் ஆபத்து. கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறையில் அது 31, 32க்கு ஏறும். தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேன் வீசவிட்டால் ஆவியாகும்போது சூடு இறங்கும். காற்று வறண்டிருந்தால் இரண்டு மூன்று டிகிரி வரை கிடைக்கும். கோயம்புத்தூரிலும் சேலத்திலும் இது சென்னையைவிட நன்றாக வேலை செய்யும். நம் ஊரில் கடற்காற்று நுழைந்து புழுக்கம் ஏறிய பிறகு ஃபேனால் பெரிய பயன் இல்லை. அதற்குமேல் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவிதான். தொட்டியைவிடச் சில்லரின் விலை அதிகமாக இருக்கும் என்பதை முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது. தொட்டியைப் படுக்கையறை ஏசியில் வைத்துச் சமாளிக்கிறவர்களும் உண்டு.

சூட்டில் உண்மையான எதிரி மூச்சுத் திணறல். 25 டிகிரியில் நன்னீர் ஒரு லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்ஸிஜன் பிடிக்கும். அதே சூட்டில் கடல் நீர் 7ஐக்கூட எட்டாது, 30 டிகிரியில் இன்னும் குறைவு. அதாவது உப்புத் தொட்டி தொடங்கும்போதே காற்றுக் குறைச்சலோடு தொடங்குகிறது. மேல்பரப்பு எப்போதும் கலங்கிக்கொண்டிருக்க வேண்டும். வேவ்மேக்கர் என்று விற்கும் மோட்டார் ஒன்றிரண்டு வைத்து, ஒன்றையாவது மேல்நோக்கித் திருப்பிவிடுங்கள்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1846இல் ஆனா தைன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, டார்க்கீ கடற்கரையில் கிடைத்த பவள உயிர்களை லண்டன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்று மோட்டார் ஏது? வீட்டு வேலைக்காரப் பெண் திறந்த ஜன்னல் முன்னால் நின்று, அந்தக் கடல் நீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் ஊற்றி ஆற்றிக்கொண்டிருப்பாராம், தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம். நாம் டபராவில் காபி ஆற்றுகிறோமே, அதேபோல. வீட்டுக்குள் கடல் உயிர் பிழைத்திருந்ததற்கு நமக்குத் தெரிந்த மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் ஒன்று அது. புகழ் எஜமானிக்குப் போனது. ஆக்ஸிஜன் கொடுத்தது அந்தப் பெண்ணின் கை.

உறை ஊற்றிய தொட்டி

இப்போது என் நான்கு மீன்கள் ஏன் செத்தன என்பதற்கு வருகிறேன். அவசரக்காரர்கள் இதை மட்டும் படித்தாலும் போதும்.

மீன் செவுள் வழியாக அமோனியா விட்டுக்கொண்டே இருக்கும். மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகி அமோனியாவாகும். அமோனியா கண்ணுக்குத் தெரியாது, தண்ணீரைக் கலக்காது, மீனைக் கொல்லும். கடல் நீரில் இது இன்னும் மோசம். தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவத்தில் இருக்கும், ஒன்று விஷம், மற்றது அவ்வளவாகத் தொல்லை தராதது. பிஎச், அதாவது தண்ணீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் எண், ஏற ஏற விஷ வடிவத்தின் பங்கு கூடும். பிஎச் 7 உள்ள நன்னீர்த் தொட்டியோடு ஒப்பிட்டால், 8.2 உள்ள கடல் தொட்டியில் அதே அளவு அமோனியாவில் விஷம் பத்து மடங்குக்கு மேல் இருக்கும். கப்பித் தொட்டியில் தப்பித்த தவறு இங்கே தப்பிக்காததற்குக் காரணம் இதுதான்.

கடலில் இதைத் துப்புரவு செய்ய பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். பேரில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம் என்பதால் டெஸ்ட் கிட்டைப் படிக்கும்போது குழம்பாதீர்கள். கடைசியில் நிற்கும் நைட்ரேட் ஓரளவு இருந்தாலும் மீன் தாங்கும். வாராவாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றி அதைக் குறைத்துக்கொள்ளலாம். நம் தொட்டிக்கு அது வாரம் 16 லிட்டர், அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமாக உப்பு.

புதுத் தொட்டியில் இந்தக் கூட்டங்கள் இல்லை. அவற்றைப் பெருக்குவதைத்தான் சைக்ளிங் என்கிறார்கள். பாலை வைத்துவிட்டு அடுத்த நிமிஷம் தயிர் கேட்க முடியுமா? உறை ஊற்றி, பொறுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் தயிர் ஒரே ராத்திரியில் உறையும். இந்த பாக்டீரியாக்கள் இரண்டு மடங்காவதற்கே ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். ஆகவே நான்கு வாரம், சில சமயம் ஆறு வாரம்.

உறைமோர் எங்கே கிடைக்கும்? நன்றாக ஓடும் உப்புத் தொட்டி வைத்திருக்கிற நண்பரிடம் ஒரு கைப்பிடி ஃபில்டர் கல்லோ பஞ்சோ கேளுங்கள். தண்ணீர் கேட்டுப் பயனில்லை, இந்த பாக்டீரியாக்கள் பெரும்பாலும் பரப்புகளில் ஒட்டித்தான் வாழும். கடையில் பாட்டிலிலும் விற்கிறார்கள்; சில பாட்டில்கள் நன்றாக வேலை செய்யும், வெயிலில் கிடந்த பாட்டில் செய்யாது.

அப்புறம் அவற்றுக்குச் சாப்பாடு, அதாவது அமோனியா. மீன் சந்தையில் ஒரு பச்சை இறால் வாங்கி ஒரு துணிப் பையில் கட்டித் தொட்டிக்குள் விட்டுவிடுவது பழைய வழி. வேலை நடக்கும், வீட்டில் நாற்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். சுத்தமான வழி அமோனியம் குளோரைடு. ஈயம் பூசுகிறவர் பாத்திரத்தில் தேய்க்கும் நவச்சாரம்தான் அது, ஆனால் தொட்டிக்கு அந்தச் சரக்கு வேண்டாம், ஆய்வுக்கூடத் தரத்தில் வாங்குங்கள். 160 லிட்டருக்கு ஒரு கிராம் போட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அமோனியா வரும்.

பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதித்து நோட்டில் எழுதுங்கள். முதலில் அமோனியா நிற்கும், இறங்கும். நைட்ரைட் ஏறும், ரொம்ப நாள் அப்படியே நிற்கும், சலிப்பு வரும். ஒரு நாள் காலையில் சட்டென்று இறங்கியிருக்கும். நைட்ரைட்டைக் கண்டு நன்னீர்க்காரர்கள் அளவுக்குப் பதற வேண்டாம். கடல் நீரில் நிறைந்திருக்கும் குளோரைடு அது செவுளுக்குள் புகாமல் பெருமளவு தடுக்கும். அதற்காக அது நிற்கும்போதே மீன் விடவும் வேண்டாம். அதே அளவு அமோனியா மறுபடி போட்டு, 24 மணி நேரத்தில் அமோனியா, நைட்ரைட் இரண்டுமே பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் வாங்கப் போகலாம்.

இந்த வாரங்களில் விளக்கை அணைத்தே வையுங்கள். விளக்குப் போட்டுப் பழகும்போது கண்ணாடி, மணல் எல்லாம் பழுப்பு நிறத்தில் தூசி படிந்த மாதிரி ஆகும். டயாட்டம் என்னும் நுண்பாசி அது. புதுத் தொட்டியில் எல்லோருக்கும் வரும், தானாகப் போகும். இதைப் பார்த்துப் பயந்து தொட்டியை முழுக்கக் கழுவி, பெருக்கி வைத்த பாக்டீரியாவையும் சாக்கடையில் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

கல்லும் நுரையும்

பாக்டீரியா குடியிருக்கத் துளைத்துளையான கல் வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் லைவ் ராக் என்று உயிரோடு இருக்கும் பாறைத் துண்டைக் காட்டுவார்கள். இங்கே அந்தப் பக்கமே போகாதீர்கள். மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் சுவர் கட்டவும் பயன்படுத்தினார்கள். இன்று பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கின்றன. 2001இல் அந்தப் பட்டியலில் கடல் குதிரையும் சேர்ந்தது. ராமேஸ்வரம் போனபோது கரையில் கிடந்தது என்று ஒரு பவளத் துண்டைப் பையில் போட்டு வருவதும் வம்புதான். தொட்டிக்கென்று செயற்கையாகச் செய்த பீங்கான் கல் கிடைக்கிறது. சில மாதத்தில் அதன்மேல் ஊதா, பச்சை படர்ந்து யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள். கல்லை மணலுக்கு மேல் அடுக்காமல் தொட்டியின் அடித்தளத்தில் உறுதியாக உட்கார வைத்துவிட்டு மணல் போடுங்கள். மணலைத் தோண்டும் மீன் ஒன்று போதும், அடுக்கு சரிய.

கருவிகளில் நன்னீர்க்காரருக்குப் புதிதாகத் தெரிவது ஸ்கிம்மர். வெல்லப் பாகு காய்ச்சும்போது அழுக்கு நுரையோடு திரண்டு மேலே வரும், கரண்டியால் எடுத்துவிடுவோம். ஸ்கிம்மர் செய்வது அதையே. தண்ணீருக்குள் பொடிக் குமிழிகளை அனுப்பி, அவற்றில் ஒட்டும் கழிவை நுரையாக மேலே தள்ளி ஒரு கிண்ணத்தில் சேர்க்கும். உப்புத் தண்ணீரில்தான் குமிழி அவ்வளவு பொடியாக நிற்கும் என்பதால் நன்னீரில் இது பலிக்காது. கிண்ணத்தில் சேரும் காபி நிறத் திரவத்தை ஒரு தடவை மோந்து பார்த்தால், இது இல்லாமல் இருக்கலாமா என்ற கேள்வி எழாது. ஆக்ஸிஜனும் கூடவே கிடைக்கிறது.

நம் வீடுகளுக்கென்றே சில எச்சரிக்கைகள். செம்புப் பாத்திரம், பித்தளைக் குடம் எதுவும் தொட்டித் தண்ணீரைத் தொடக் கூடாது. செம்பு கரைந்தால் இறால், நத்தை எல்லாம் முதலில் போகும். தேங்காய் எண்ணெய் தேய்த்த கை, சோப்புக் கை உள்ளே போகக் கூடாது. கொசு மருந்து மிஷினில் இருப்பது பெரும்பாலும் பைரித்ராய்டு வகை. மனிதருக்கு லேசானது, மீனுக்கும் இறாலுக்கும் கொடிய விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது என்பதை நினைவில் வையுங்கள். அந்த அறையில் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். ஒயர்கள் பிளக்கைவிடக் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறும்படி இருந்தால், ஒயர் வழியே வழியும் தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் தரையில் சொட்டும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ஈஎல்சிபி சுவிட்ச் இல்லாத இணைப்பில் தொட்டி வைக்கவே வேண்டாம்.

கரண்ட் போனால்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று அலமாரியில் இருக்க வேண்டும். இன்வெர்ட்டரில் வேவ்மேக்கரை மட்டும் இணைத்தாலும் போதும், விளக்கும் ஸ்கிம்மரும் காத்திருக்கும். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள், பல மணி நேரம் நின்றுபோன ஃபில்டரைக் கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிடாதீர்கள். உள்ளே காற்றில்லாமல் கெட்ட தண்ணீரைக் கொட்டிக் கழுவிவிட்டுப் போடுங்கள்.

இனி மீன்

அண்ணன் மகனுக்கு முதலில் பிடித்தது நீல டாங், "ஃபைண்டிங் நீமோ" படம் பார்த்துவிட்டு "டோரி" என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்பது. ஒரு சாணுக்கு மேல் வளரும், நாள் முழுக்க நீந்தும். ஆறடித் தொட்டிக்குக் குறைந்து வைப்பது பாவம். அடுத்து வண்ணத்துப்பூச்சி மீன் கேட்டான். அழகுதான், ஆனால் அதில் பல இனங்கள் பவள உயிர்களையே கொத்தித் தின்பவை, தொட்டியில் பட்டினி கிடந்து சாகும். மலிவாகக் கிடைக்கும் டாம்சல் மீன்கள் எதையும் தாங்கும். அந்தத் தைரியத்திலேயே பின்னால் வரும் மீனையெல்லாம் விரட்டும். தொட்டியைக் கலைக்காமல் அவற்றைப் பிடிக்கவும் முடியாது.

நான் சொன்னது கோமாளி மீன், அதாவது கிளவுன். எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள் என்று சலித்துக்கொண்டான். எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இது தொட்டியிலேயே முட்டையிட்டுப் பொரிக்கும் மீன். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் இவற்றைப் பொரிக்க வைத்துக் குஞ்சு வளர்ப்பதில் பல வருஷமாக வேலை செய்திருக்கின்றன. பண்ணையில் பிறந்த மீன் தீனி தின்னப் பழகியிருக்கும், கண்ணாடியைக் கண்டு மிரளாது. கடலில் பிடித்தது அப்படியில்லை. தென்கிழக்காசியாவில் சில இடங்களில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கும் வழக்கமே இருந்திருக்கிறது. அப்படி வந்த மீன் கடையில் துள்ளும், வீட்டில் சில வாரத்தில் காரணமே தெரியாமல் போகும். சென்னையில் மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும் "ஹேட்ச்சரி மீனா?", அதாவது பண்ணையில் பொரித்ததா என்று கேளுங்கள். உங்கள் கண் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். தின்னாத மீனை வாங்காதீர்கள்.

கோமாளி வாங்கினால், கடலில் அது ஒண்டி வாழும் அனிமோன் என்ற உயிரும் வேண்டும் என்பது படம் பார்த்து வந்த நம்பிக்கை. வேண்டாம். அனிமோனுக்குப் பலமான விளக்கும் குறைந்தது ஒரு வருஷம் பழகிய தண்ணீரும் தேவை, அதுவரை கோமாளிக்கு ஒரு கல் மூலை போதும்.

வாங்கி வந்ததை நேராகத் தொட்டியில் விடாமல், ஒரு மாதம் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பது நல்லது. வெள்ளைப் புள்ளி நோய் ஒரு தடவை பெரிய தொட்டிக்குள் புகுந்துவிட்டால், மீன்களையெல்லாம் வெளியே எடுத்து இரண்டு மாதத்துக்கு மேல் தொட்டியைக் காலியாக ஓடவிட வேண்டியிருக்கும். செம்பு மருந்து வேலை செய்யும், ஆனால் அதைக் கல் இருக்கும் தொட்டியில் ஊற்ற முடியாது. தனித் தொட்டி என்றால் பெரிய செலவு ஒன்றுமில்லை: 40 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, ஒரு துண்டு பிவிசி பைப், பழகிய பஞ்சு போட்ட ஸ்பாஞ்ச் ஃபில்டர், வலை மூடி.

பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்க விட்டுச் சூட்டைச் சமப்படுத்துங்கள். பிறகு பையிலும் தொட்டியிலும் உப்பை அளந்து பாருங்கள். கடைகளில் செலவுக்காக உப்பைக் குறைத்து வைப்பது உண்டு. வித்தியாசம் இருந்தால் தனித் தொட்டியைப் பையின் அளவுக்குக் கலந்து வைத்து, சில நாளில் மெல்ல 35க்கு ஏற்றலாம். பல மணி நேரம் பயணம் செய்த பை என்றால், திறந்து வைத்துவிட்டு நிதானமாகச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருக்காதீர்கள். பைக்குள் அடைந்த கரியமில வாயு வெளியேறியதும் பிஎச் ஏறும், அதுவரை சும்மா இருந்த அமோனியா விஷமாக மாறும். மீனை மட்டும் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

போன வாரம் அவனுடைய தொட்டியில் நைட்ரைட் பூஜ்யம் காட்டியது. படம் பிடித்து அனுப்பியிருந்தான். சின்னதாக இரண்டு கோமாளிகள், ஒன்று மற்றதைவிடச் சற்றுப் பெரிது, சொல்லி வைத்திருக்கிறான். கோமாளிகள் எல்லாமே ஆணாகத்தான் தொடங்கும். இரண்டில் அதிகாரம் செய்வது பெண்ணாக மாறும், மற்றது ஆணாகவே நிற்கும். "அப்ப பேர் வைக்கிறதுக்குக் கொஞ்சம் பொறுக்கணுமா சித்தப்பா?" என்று கேட்டிருந்தான். முதல் ராத்திரி விளக்கை அணைத்துவிடு, தீனி போடாதே, காலையில் கல்லுக்குப் பின்னால் தேடு என்று பதில் அனுப்பினேன்.